பதினாறாவது செக்டார்

அந்தப் பன்னிரண்டு எஸ்டி கார்டுகளையும் லேப்டாப்பில் செருகினால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஐந்து பார்ட்டிஷன்கள், சரியான பெயர்கள், சரியான அளவுகள். போர்டில் செருகினால் ஒன்றுமில்லை. சீரியல் கன்சோலில் ஒரு எழுத்துகூட வரவில்லை. பிழைச்செய்தி ஏதாவது வந்தால் அதோடு மல்லுக்கட்டலாம். மௌனத்தை என்ன செய்வது?

வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் குரலை இறக்கிக் கேட்டார்: "யாரு ரெடி பண்ணது இத?"

"நான்தான் சார்." எங்கள் டீமில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத பெண். சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும். நான் பேசாமல் நின்றேன்.

அந்த மீதியைச் சொல்ல, கார்டின் முதல் சில கிலோபைட்டுகளுக்குப் போக வேண்டும்.

எங்கள் போர்டில் இருந்தது ஆல்வின்னர் ஏ20 சிப். மின்சாரம் வந்ததும் அதற்குள் பொறித்து வைத்திருக்கும் பூட் ரோம் ஓடும். அதற்கு ஃபைல் தெரியாது, ஃபோல்டர் தெரியாது, பார்ட்டிஷனும் தெரியாது. தெரிந்தது ஒரு முகவரி மட்டும்: கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி. செக்டார் 512 பைட் என்பதால் அது 16-ஆம் செக்டார். அங்கே ஓர் எட்டெழுத்து அடையாளம் இருந்தால் அதைத் தொடர்ந்து வரும் எஸ்பிஎல் என்ற குட்டி நிரலை ஏற்றி ஓடவிடும். அந்தக் குட்டிதான் டிராம் மெமரியை எழுப்பி, 40 கேபியில் காத்திருக்கும் யூ-பூட்டைக் கூப்பிடும். ஜெர்மனில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். பெயர் வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் இவை எதுவும் பார்ட்டிஷன் பட்டியலில் தெரியாது. முதல் பார்ட்டிஷனை வழக்கமாக 1 எம்பியில்தான் தொடங்குவோம். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் புறம்போக்கு. பதிவேட்டில் யார் பெயரும் இருக்காது. போய்ப் பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

பழைய எம்பிஆர் முறையில் இதனால் தகராறு வந்ததில்லை. அந்தப் பட்டியல் முதல் செக்டாரோடு முடிந்துவிடும். ஆனால் அதில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்தான் போடலாம். எங்களுக்கு ரூட் இரண்டு வேண்டும், அப்டேட் பாதியில் செத்தால் பழையதற்குத் திரும்ப. பூட், செட்டிங்ஸ், டேட்டா சேர்த்தால் ஐந்து. எக்ஸ்டெண்டெட் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். நான்தான் "ஜிபிடிக்கு மாத்திடலாம், அதுதான் நீட்" என்றேன்.

மாற்றிய அன்று சாயங்காலம் அவள் வந்தாள். "அண்ணா, பூட்லோடர் எழுதின பிறகு, ஜிபிடி கெட்டுப்போச்சுன்னு ஜிடிஸ்க் சொல்லுது."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "பேக்கப் கடைசில இருக்கும்ல, அதிலேர்ந்து ரிக்கவர் பண்ணிடு."

"பண்ணினா போர்டு டெட் ஆகாதா?"

கேட்டாள். இது முக்கியம்: கேட்டாள். "டேபிளுக்கும் லோடருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன். டெமோவுக்கு முந்தைய நாள் ராத்திரி பன்னிரண்டு கார்டுகளுக்கும் அதையே செய்தாள். போர்டில் போட்டுப் பார்க்க நேரமில்லை. போர்டுகள் பேக் ஆகிவிட்டிருந்தன.

டெமோ சொதப்பிய அன்று இரவு ஒரு கார்டை ஹெக்ஸ் டம்ப் எடுத்தேன். 8192-ஆம் பைட்டில் பூஜ்யம். அடுத்ததும் பூஜ்யம். வரிசையாகப் பூஜ்யம். அப்புறம்தான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தப் பெண் கேட்ட அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஜிபிடி பட்டியலில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம். ஒவ்வொன்றும் 128 பைட். மொத்தம் 16 கேபி, அதாவது 2 முதல் 33 வரை 32 செக்டார்கள். லோடர் குடியிருப்பதோ 16-இல். லோடரை எழுதினால் பட்டியலின் செக்சம் உடையும். பட்டியலைச் செப்பனிட்டால் லோடரின் தலை போகும். ஒன்றை வாழவைக்க இன்னொன்றைக் கொன்றுகொண்டிருந்தோம்.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. எங்களுக்கு இருந்தது ஐந்து பார்ட்டிஷன். ஐந்து பதிவுகளுக்கு இரண்டு செக்டார் போதும். மீதி 123 பதிவுகளும் காலி. லோடரை அழித்தது எந்தத் தகவலும் இல்லை, வராத ஆட்களுக்காகப் போட்டுவைத்த காலி நாற்காலிகள்.

தீர்வு சின்னது. ஜிடிஸ்க்கின் எக்ஸ்பர்ட் மெனுவில் 's' அழுத்தி, பதிவுகளை 56 ஆகக் குறைத்தேன். 56 x 128 = 7168 பைட், சரியாக 14 செக்டார். 2 முதல் 15 வரை. 16 தப்பித்தது. (பின்னால் வந்த சில ஆல்வின்னர் சிப்கள் 128 கேபியிலும் தேடிப் பார்க்கும். அங்கே வைத்தால் இந்த நெருக்கடியே கிடையாது. எங்களுடையது பழசு.)

காலையில் பன்னிரண்டும் பூட் ஆயின. கோளாறைக் கண்டுபிடித்ததற்காக மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அவள் தன் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

மேனேஜருக்கு மெயில் எழுத எனக்கு மேலும் இரண்டு நாள் ஆனது: ரிப்பேர் பண்ணச் சொன்னது நான், வேண்டாமென்று எச்சரித்தது அவள். 'நோட்டட்' என்று பதில் வந்தது. எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வி அது. என் பதில் ஒருவர் இன்பாக்ஸோடு நின்றுவிட்டது.

அவளிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்ணா" என்று சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பினாள். பில்ட் ஸ்கிரிப்ட் திறந்திருந்தது. 56 என்ற எண்ணுக்கு மேல் கமென்ட் ஒன்றை டைப் பண்ணிக்கொண்டிருந்தாள்: 'இதை மாற்றுவதற்கு முன் என்னைக் கேட்கவும்.'