பல் வைத்தியரிடம் கேட்கத் தவறிய கேள்விகள்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். அமைச்சர்களிடமும் அரசாங்க அதிபர்களிடமும் இராணுவப் பேச்சாளர்களிடமும் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல விரும்பாதவரிடம் அதே கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்கும் வித்தையையும் பத்திரிகைத் தொழில் கற்றுத் தந்தது. ஆனால் பல் வைத்தியரின் கதிரையில் சாய்ந்து, முகத்துக்கு நேரே அந்த விளக்கு எரியத் தொடங்கியதும், வாயைத் திறந்தேனே தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மௌனத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு நல்ல பற்கள்.

கதை சுருக்கமானது. 1980களின் பிற்பகுதியில், கொழும்பில் ஒரு மழை இரவில், வேலை முடிந்து சைக்கிளில் அறைக்குத் திரும்புகையில் விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்றை இழந்தேன். வைத்தியர் ஒருவர், அதன் இருபுறமும் இருந்த நல்ல பற்களை அராவி, மூன்றையும் இணைத்து ஒரு பாலப்பல் பொருத்திவிட்டார். எத்தனை ஆண்டுகள் நிலைக்கும், அடியில் எவ்வாறு துப்புரவு செய்வது, வேறு வழி உண்டா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் பின்னர், பாலத்தைத் தாங்கிய இரு பற்களும் உள்ளுக்குள் சொத்தையாகிவிட்டமை தெரியவந்தது. ஒன்று இழந்த இடத்தில் மூன்று போயின. அதன் பின்னர் கழற்றி மாட்டும் கட்டுப்பல்தான்.

கட்டுப்பல்லுடன் வாழப் பழகலாம். ஆனால் சில வருடங்களுக்கு முன்னர் வீரமுனையில் நடைபெற்ற ஓர் அஞ்சலிக் கூட்டத்தில், மறைந்த அதிபரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அது மேலண்ணத்திலிருந்து நழுவியது. தகரமும் நகரமும் பிறப்பதற்கு நாக்கு மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும், வகரத்துக்கு மேற்பல்லும் கீழுதடும் சேர வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுவதைப் பள்ளியில் மனனம் செய்திருந்தேன். அதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது. சொந்த ஊரின் பெயரைச் சொல்வதற்கே மேற்பல் வேண்டும். கைக்குட்டையால் வாயை மூடியபடி மேடையிலிருந்து இறங்கினேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்தவர் சம்மாந்துறையிலுள்ள என் நண்பர். ஓய்வுபெற்ற ஆசிரியர். வீரமுனையும் சம்மாந்துறையும் வயலும் வரம்புமாக ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். சிறு வயதில் ஒரே வாய்க்காலில் குளித்தவர்கள் நாங்கள். 1990 ஓகஸ்டில் எங்கள் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டு, ஊர் இடம்பெயர்ந்த பின்னர், எங்கள் இருவருக்கும் இடையிலும் சில ஆண்டுகள் பேச்சு அறுந்திருந்தது. பின்னர் பேசத் தொடங்கினோம். அந்த ஆண்டுகளைப் பற்றி மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் விடுவது எனக்குப் பல் வைத்தியரிடம் மட்டும் வந்த பழக்கமன்று.

"மச்சான், எனக்கும் கடைவாயில நாலு பல் இல்ல. ரெண்டு பேரும் போய் அந்த இம்பிளான்டைப் பத்தி விசாரிப்பம்" என்றார் நண்பர். இம்முறை, பேட்டிக்குப் போவதுபோல் குறிப்புப் புத்தகத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு, காரைதீவுச் சந்தியால் திரும்பிக் கல்முனைக்குப் போனோம். அங்கிருந்த வைத்தியர் பேராதனையில் படித்த இளம்பெண். என்னை ஐயா என்றார். நண்பரைச் சேர் என்றார். நண்பர் அவரை மகள் என்றே அழைத்தார். புத்தகத்தைக் கண்டதும் அவர் முகம் சுளிக்கவில்லை. கதிரையை நிமிர்த்தி, விளக்கை அணைத்துவிட்டு, எதிரே அமர்ந்தார். வாய் திறந்திருக்கையில் யாராலும் கேள்வி கேட்க முடியாது என்பதை அறிந்தவர்.

முதற் கேள்வி, இது என்ன பொருள் என்பது. தைத்தானியம் என்ற உலோகத்தால் ஆன சிறிய திருகாணி. பல்லின் வேர் இருந்த இடத்தில் தாடை எலும்புக்குள் அதனைப் பொருத்துகிறார்கள். எலும்பு அதனை அந்நியமாகக் கருதி ஒதுக்குவதில்லை; அதன் மேற்பரப்போடு நெருங்கி வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. இதனைக் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரனெமார்க். 1952 இல் முயலின் கால் எலும்பில் குருதி ஓட்டத்தை ஆராய்வதற்காகத் தைத்தானியக் குழல் ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. ஆய்வுக்கு இடையூறாக வந்த இச்சங்கடமே புதிய வைத்தியத்தின் தொடக்கமாயிற்று. 1965 இல் கோத்தன்பர்க் நகரில் அவரிடம் முதன்முதலாக இவ்வாறு பல் பொருத்திக்கொண்ட கோஸ்தா லார்சன், 2006 இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பற்களாலேயே உண்டார்.

எழுபது வயதில் இது தேவையா, முடியுமா என்பது அடுத்த கேள்வி. வயது தடையில்லை என்றார் வைத்தியர். தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குத்தான் செய்வதில்லை. முதியவர்களிடம் பார்க்க வேண்டியவை எலும்பும் உடல்நலமும். பல் போனால் எலும்பு தேயும். முதல் ஆண்டிலேயே அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் ஏழுக்கு அண்மையில் இருந்தால் நல்லது. இதய நோய்க்காகக் குருதியை ஐதாக்கும் குளிசை எடுப்பவர்கள் அதனை மறைக்கக் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற மருந்து எடுக்கும் பெண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடைப் புண் ஆறாமற் போவதுண்டு. புகைப்பவர்களுக்கு இந்தத் திருகாணி தோல்வியடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

வலிக்குமா என்று நண்பர் கேட்டார். விறைப்பு ஊசி போட்டபின் பல் பிடுங்குவதைவிடக் குறைவான நோவுதான். மறுநாள் வீக்கமும் சிறு வலியும் இருக்கும். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் காத்திருந்து, அதன் பின்னரே மேலே பல் பொருத்துவது வழமை. ஒரே நாளில் பல் என்ற விளம்பரங்களைப் பற்றியும் கேட்டேன். சிலருக்கு அது பொருந்தும். பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது எலும்பு என்றார். கோயில் திருவிழாவில் கச்சான் கடிக்கலாமா என்றும் கேட்டேன். கச்சான் கடிக்கலாம், சோடாப் போத்தல் மூடியைக் கழற்றக் கூடாது என்றார். மூவரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பின்னர்தான், புத்தகத்தில் எழுதியிருந்தும் கேட்கத் தயங்கிய கேள்வி வந்தது. தேய்ந்த எலும்பை நிரப்புவதற்கு எலும்புத் தூள் வைப்பார்கள் என்று வாசித்திருந்தேன். அது எந்தப் பிராணியின் எலும்பு? நான் பிறந்த வீட்டில் மாட்டிறைச்சி படியேறியதில்லை. நான் "மாடா?" என்று கேட்ட அதே வேளையில் நண்பர் "பண்டியா மகள்?" என்று கேட்டார்.

வைத்தியர் இதற்குச் சிரிக்கவில்லை. தெளிவாகச் சொன்னார். பரவலாகப் பயன்படும் எலும்புத் தூள்களில் பல, மாட்டெலும்பைச் சூடாக்கிச் சேதனப் பொருள்களை நீக்கிய கனிமம். அதன் மேல் மூடும் மெல்லிய சவ்வு பல வேளைகளில் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ பெறப்படுகிறது. விலங்குத் தொடர்பே இல்லாத, கல்சியம் பொசுபேற்றால் செய்த தூளும் உண்டு. நோயாளியின் தாடையிலிருந்தே சிறிதளவு எலும்பை எடுத்து வைப்பதும் உண்டு. வைத்தியர்கள் மிக உயர்வாகக் கருதுவது அதனைத்தான். எது எதிலிருந்து வந்தது என்பது உற்பத்தியாளரின் விபரத்தாளில் இருக்கும். "முன்கூட்டிக் கேட்டால் மாற்று வழி பார்க்கலாம். வைத்த பிறகு கேட்டால் எனக்கும் சங்கடம், உங்களுக்கும் மனவருத்தம். எங்கட பகுதியில் பாதிப் பேர் இதைக் கேட்க விரும்புவார்கள், ஆனால் கேட்பவர்கள் குறைவு" என்றார். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பதை மௌலவியிடம் கேட்டுக்கொள்வதாக நண்பர் சொன்னார். எனக்கோ, ஒரே மேசைக்கு முன்னால் இருவரும் ஒரே அச்சத்தை வெவ்வேறு பிராணியின் பெயரால் கேட்டது நெடுநேரம் மனத்தில் நின்றது.

செலவைக் கேட்பதிலும் நமக்குக் கூச்சம் உண்டு. திருகாணியும் உபகரணங்களும் இறக்குமதி. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியதன் சுமை நோயாளியின் தலையிலும் விழுந்தது. ஒரு பல்லே இலட்சங்களில் முடியும். ஆகவே, சொல்லப்படும் தொகையில் திருகாணி, இணைப்பு, மேற்பல், எக்ஸ்ரே, எலும்புத் தூள் எல்லாம் அடங்குமா, தோல்வியடைந்தால் மீண்டும் யார் செலவு என்பவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். உற்பத்தி நிறுவனத்தின் பெயரையும் அளவையும் எழுதிய அட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இங்கே பொருத்தியவர் நாளை தோரன்டோவிலோ இலண்டனிலோ பிள்ளையின் வீட்டில் இருக்கையில் அது தளர்ந்தால், அங்குள்ள வைத்தியருக்கு அந்த அட்டைதான் வழிகாட்டி. விடுமுறையில் ஊருக்கு வந்து மலிவாகச் செய்துகொண்டு திரும்ப எண்ணும் புலம்பெயர்ந்த நண்பர்களும் இதை மனங்கொள்ள வேண்டும்.

எவ்வளவு காலம் நிலைக்கும்? பத்து ஆண்டுகளின் பின்னரும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நிலைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் சொத்தை பிடிக்காத இந்தப் பல்லைச் சுற்றியும் முரசு அழுகி எலும்பு கரையலாம். நாளாந்தத் துப்புரவும் ஆண்டுதோறும் பரிசோதனையும் இல்லாதவர்கள் பணத்தைச் செலவிடாதிருப்பதே நன்று. ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன என்றும் கேட்டேன். கடைவாயில் ஒரு பல் இல்லாமல் நிம்மதியாக வாழ்பவர்கள் ஏராளம், நன்றாகச் செய்த கட்டுப்பல்லும் குறைவானதன்று என்றார். விற்பவர் வாயிலிருந்து இப்படியொரு பதில் வந்தபோதுதான் அவர்மீது எனக்கு முழு நம்பிக்கை பிறந்தது.

கடைசியாக, என்னை எரித்தால் இது என்னவாகும் என்றேன். தைத்தானியம் உருகுவதற்கு ஏறத்தாழ 1,670 பாகை வெப்பம் வேண்டும். சிதையின் தீ அவ்வளவு எட்டாது. சாம்பலில் கிடக்கும் என்றார். காடாற்றும் அன்று என் மகன் அதைக் கண்டு திகைக்காதிருக்க இங்கேயே எழுதி வைக்கிறேன்.

நான் புத்தகத்தை மூடினேன். அப்போது நண்பர், புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை மெதுவாகக் கேட்டார். "மகள், பல்லைப் பத்தினது இல்ல. கொஞ்சக் காலமா மிளகாய் பட்டா வாயெல்லாம் எரியுது. இதையும் கேக்கலாமா?"

வைத்தியர் எழுந்து விளக்கை ஏற்றினார். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே வைக்கச் சொன்னார். நண்பரால் இரண்டைத்தான் வைக்க முடிந்தது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் நாராக இறுகியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக அவர் போட்ட வெற்றிலை பாக்கின் வேலை. பாக்கினால் வாயின் உட்சவ்வு நாராகி இறுகும் இந்நோய் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இலேயே முடிவு கூறிவிட்டது. இலங்கையில் ஆண்களை மிகுதியாகப் பிடிக்கும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்றுநோய். இதையெல்லாம் நானே பலமுறை பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் அருகில் அமர்ந்து வெற்றிலை மடித்தவரிடம், வாய் எரிகிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அன்றே கடிதம் எழுதி அரச வைத்தியசாலையின் வாய், தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. அந்த மூன்று வாரமும் நாங்கள் இருவரும் நன்றாகத் தூங்கவில்லை. அவர் வெற்றிலைத் தட்டத்தைக் கைவிட்டார். இறுகிய சதை பழைய நிலைக்கு முற்றாகத் திரும்புவதில்லையாம். வாய் திறக்கும் பயிற்சி செய்கிறார், குறித்த தவணைக்குப் பரிசோதனைக்குப் போகிறார். அவருக்கு உள்வைப்புப் பல் இல்லை. நல்லதொரு கட்டுப்பல் செய்துகொண்டார்.

எனக்கு இரு திருகாணிகள்மேல் மூன்று பற்கள் நிற்கின்றன. எலும்புத் தூள் தேவைப்படவில்லை. ஊரின் பெயரை இப்போது தடையின்றிச் சொல்கிறேன். இதை வாசிப்பவர்கள் பல் வைக்க எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், இன்றிரவு கண்ணாடிக்கு முன்னால் மூன்று விரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருந்தால், உறைப்புப் பட்டால் எரிகிறதா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.