நாளைக்கு அவதி

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிய அந்த இளைஞர் முகமெல்லாம் மலர்ச்சியாக, "நாளைக்கு அவதிங்கண்ணா" என்றார். என்னப்பா கஷ்டம் என்று விசாரித்தேன். முன் சீட்டிலிருந்தும் பின் சீட்டிலிருந்தும் சிரிப்பு எழுந்தது. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. இந்த எல்லையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது. "அரியர்" என்று கோவை மாணவர் சொல்வதை இவர்கள் "சப்ளி" என்பார்கள். "சமரம்" என்றால் யுத்தம் அல்ல, வகுப்பு நடக்காது என்று அர்த்தம்.

பஸ் சித்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் தென்னந்தோப்பு, நடுவே நெல் வயல், தொலைவில் ஆனைமலைத் தொடர். கடைப் பலகைகளில் பாதி தமிழ், பாதி மலையாளம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாகச் சோதனைச்சாவடிகள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள். பேச்சில் கொங்குத் தமிழின் இழுப்பு மாறவில்லை.

இளைஞரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பொருளாதாரம், முதலாண்டு. தலைப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றின் கீழே வளைந்து நெளிந்து ஓடியது தமிழ் எழுத்து. படித்துப் பார்த்தால் மலையாளம். ஆசிரியர் சொன்னதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய் அதைத் தமிழில் யோசித்து, பிறகு ஆங்கிலத்தில் மாற்றிப் பரீட்சை எழுத வேண்டும். "மீடியம் இங்கிலீஷ்தானுங்க. ஆனா வெளக்கறது மலையாளத்துல" என்றார், புகார் சொல்லும் தொனியே இல்லாமல்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பட்டப்படிப்புக்கு வரும்போது பயிற்றுமொழி ஆங்கிலம் என்கிறது விதி. ஆனால் கடினமான இடம் வந்தால் எந்த ஆசிரியரும் தாய்மொழிக்குத்தான் நழுவுவார். மதுரையில் அப்படி நழுவினால் தமிழில் விழுவார். இங்கே மலையாளத்தில் விழுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஐம்பத்தைந்து பேருக்கு அது உதவி. மீதி ஐந்து பேர்தான் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள்.

சித்தூர் அரசுக் கல்லூரி 1947-ல் தொடங்கியது. சித்தூர் அப்போது கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த பகுதி. சுற்றிலும் சென்னை மாகாணம். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு சோகநாசினி என்று பெயர். மலையாள மொழியின் தந்தை எனப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இங்கேதான் மடம் அமைத்து வாழ்ந்தார் என்பது வழக்கு. அப்படிப்பட்ட ஊரின் கல்லூரியில் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு துறை இருக்கிறது. எல்லைக் கிராமங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தத் துறையின் வராந்தா ஒரு மாமா வீடு மாதிரி. தமிழ் படிப்பவர்கள் மட்டுமல்ல, கணக்கும் வணிகவியலும் படிப்பவர்களும் மதியச் சோற்றை அங்கே கொண்டுவந்து சாப்பிடுகிறார்கள்.

பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி இதற்கும் மூத்தது. 1866-ல் பள்ளியாகத் தொடங்கி, கல்லூரியாக வளர்ந்து, நீண்ட காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. தேர்தல் ஆணையத்தை நாடே திரும்பிப் பார்க்கவைத்த டி.என். சேஷன் இண்டர்மீடியட் படித்தது இங்கேதான். அவர் பாலக்காட்டுத் தமிழர். ஆனால் கல்பாத்தி அக்ரகாரங்களின் தமிழும் கொழிஞ்சாம்பாறைத் தோட்டங்களின் தமிழும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்தவை அல்ல. முன்னது ஆங்கிலத்தையும் மலையாளத்தையும் எப்போதோ வசப்படுத்திக்கொண்டு டில்லிக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிவிட்டது. பின்னது இப்போதுதான் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலில் நிற்கிறது.

பல்கலைக்கழகம் எங்கே? கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968-ல் அமைந்தது. கேரளத்தின் இரண்டாவது பல்கலைக்கழகம். பெயர்தான் கோழிக்கோடு; இருப்பது மலப்புறம் மாவட்டத்தின் தேஞ்ஞிப்பலத்தில். திருச்சூர் முதல் வயநாடு வரை ஐந்து மாவட்டங்களின் கல்லூரிகள் அதன் குடையின் கீழ் வருகின்றன. "நேரில் பாத்ததில்லீங்க, ஹால் டிக்கெட்டுல பாத்திருக்கேன்" என்றார் ஒரு மாணவி. சான்றிதழில் பெயர் பிழையாக அச்சாகி வந்தால்தான் அங்கே போகும் யோகம் வாய்க்கும். தமிழ்ப் பெயரை மலையாள உச்சரிப்பில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்தாவது இடம் மாறிவிடுகிறது; ஆகவே யோகம் பலருக்கும் வாய்க்கிறது.

ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகம் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஒன்று கலைவிழா. பாலக்காடு மாவட்டக் கல்லூரிகள் ஏ-ஸோன். அதில் வென்றவர்கள் இன்டர்ஸோனுக்குப் போவார்கள். நாடகம், ஒப்பனா, மைம் என்று மேடை அமளிப்படும்போது, ஒரு ஓரத்து வகுப்பறையில் தமிழ்க் கட்டுரை, கவிதைப் போட்டியும் நடக்கும். அதில் கிடைக்கும் புள்ளியும் கல்லூரியின் மொத்தக் கணக்கில் சேரும். ஆண்டு முழுக்கக் கண்ணில் படாத தமிழ்ப் பையனைத் தேடி அந்த வாரம் மட்டும் யூனியன் செயலாளர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு அலைவார்.

இன்னொன்று அரசியல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளைப் பார்த்துப் பழகியவனுக்கு இங்கே சுவர்கள்தான் முதல் அதிர்ச்சி. கேட்டிலிருந்து கழிப்பறை வரை கொடி, கோஷம், செ குவேரா. 1957-ல் பிறந்த கே.எஸ்.யு.வும் 1970-ல் பிறந்த எஸ்.எஃப்.ஐ.யும் மாறி மாறி இந்தச் சுவர்களுக்கு வண்ணம் அடித்திருக்கின்றன. இதனால் படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் முணுமுணுப்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் சொன்னது வேறு: "கிளாஸ்ல மூணு மாசமா வராத மலையாளம், ஊர்வலத்துல மூணே நாள்ல வந்துருச்சுங்க." கோஷம் போடுகிறவனை யாரும் "பாண்டி" என்று கூப்பிடுவதில்லை என்பதும் அவருடைய அனுபவம்.

கோவைக்குப் போயிருக்கலாமே என்று கேட்டேன். பலர் போகிறார்கள். வாளையாரைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ஆனால் அங்கே இவர்கள் பிற மாநிலத்தவர். தமிழ்நாட்டு இட ஒதுக்கீடு இவர்களுக்குப் பொருந்தாது. அங்கேயே படித்துத் தமிழ் மட்டும் தேர்ந்தவராகத் திரும்பினாலும் சங்கடம். கேரளத் தேர்வாணையம் இந்த மாவட்டங்களுக்காக நடத்தும் எழுத்தர் தேர்வில் "தமிழும் மலையாளமும் அறிந்தவர்" என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. சித்தூர் பஸ்ஸில் வரும் பாதிப் பேர் மனதில் வைத்திருக்கும் வேலை அதுதான். அந்த "உம்" விகுதிக்காகத்தான் நோட்டுப் புத்தகத்தில் இத்தனை பாடு.

சித்தூரிலிருந்து மூணாறுக்குக் கிட்டத்து வழியில் போக, கேரளத்தை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைய வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மலை ஏறினால் தேயிலை தொடங்குகிறது. தமிழும் மாறுகிறது. "வாங்கண்ணா" போய் "வாங்கண்ணே" வருகிறது. இவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைச் சீமைகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று போராட்டம் நடந்தது. கிடைத்தது கன்னியாகுமரிப் பக்கமும் செங்கோட்டையும்தான். தேவிகுளம் கேரளத்தில் நின்றது. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானது.

பாலக்காட்டு எல்லைக்காரர்களில் பலருக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்கிறது. இங்கே வீடு கூடக் கம்பெனியுடையது. லயத்தில் ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு. பெற்றோர் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே கல்லூரிப் படிப்பு என்பது இங்கே ஒரு பந்தயம். அம்மாவின் கடைசி வேலை நாளுக்கு முன்னால் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்க வேண்டும். 2024-ல் கேரளப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தன. மூன்றாண்டில் வெளியேறவும் வழி உண்டு. நான்காம் ஆண்டு ஹானர்ஸ் பற்றி ஒரு மாணவியிடம் கேட்டேன். "அதுக்குள்ள அம்மா ரிட்டயர் ஆயிடுவாங்க சார்" என்றார். அதற்கு மேல் கேட்க என்னிடம் கேள்வி இல்லை.

அதைவிடப் பெரிய தடை ஒரு காகிதம். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். அந்தச் சாதிப் பெயர்கள் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர் இந்த மண்ணில் வசித்தார்கள் என்று காட்டினால்தான் கேரளத்தில் சாதிச் சான்றிதழ். கொழுந்து பறித்த பாட்டிக்கு ஏது பட்டா? பழைய செக்ரோலில் பெயர் இருந்தால் உண்டு. கறையான் தின்றிருந்தால் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு இல்லை, கட்டணச் சலுகை இல்லை. எல்லை தாண்டினால் அங்கே இருப்பிடச் சான்று கேட்பார்கள். எண்பது வருஷமாக இங்கே இருப்பவர் இங்கத்தவர் என்று நிரூபிக்க முடியவில்லை. அங்கத்தவர் அல்ல என்பதற்கு மட்டும் நிரூபணம் தேவையில்லை.

மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2018 ஆகஸ்ட் மழையில் மலை சரிந்து கல்லூரிக் கட்டிடத்தை இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு வேறு கட்டிடங்களில் வகுப்புகள் நடந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயத்தின் மேல் மலை விழுந்தது. 70 பேர் போனார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இப்போதெல்லாம் பலத்த மழை என்றால் கலெக்டர் இடுக்கி மாவட்டத்துக்கு அவதி அறிவிக்கிறார். மூணாறில் அந்த அறிவிப்பைக் கேட்டு யாரும் கைதட்டி நான் பார்க்கவில்லை.

மூணாறுக்குக் கிழக்கே, மாட்டுப்பட்டி அணையையும் டாப் ஸ்டேஷனையும் கடந்து போனால் வட்டவடை. படிப்படியாக வெட்டிய வயல்களில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு. மதுரைப் பக்கமிருந்து எப்போதோ மலையேறி வந்தவர்களின் ஊர். அபிமன்யு இந்த ஊர்ப் பிள்ளை. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் இரண்டாமாண்டு வேதியியல் படித்தார், எஸ்.எஃப்.ஐ.யில் இருந்தார். 2018 ஜூலை முதல் தேதி, புது மாணவர்களை வரவேற்கக் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஊரிலிருந்து காய்கறி ஏற்றிப் போன லாரியில் ஏறிப் போனார். அன்று நள்ளிரவு, வரவேற்பு வாசகம் எழுதும் சுவர் யாருக்கு என்ற தகராறில் குத்திக் கொல்லப்பட்டார். வயது 20.

உடலருகே அவருடைய தாய் தமிழில் கதறியது கேரளத் தொலைக்காட்சிகளில் ஓடியது. "நான் பெத்த மகனே" என்ற அந்த வார்த்தைகளை யாரும் மொழிபெயர்க்கவில்லை. 2019-ல் அவரைப் பற்றி வந்த மலையாளப் படத்தின் தலைப்பும் அந்த வார்த்தைகள்தான். தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அபிமன்யுவின் ஆசையாக இருந்தது. கேரளம் முழுவதிலிருந்தும் புத்தகங்கள் வந்து குவிந்தன. அவர் பெயரில் வட்டவடையில் நூலகம் எழுந்தது.

மாலையில் கோவிலூர்க் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறதாம். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, நோட்ஸ் எந்த மொழியில் கொடுப்பார்கள், தமிழ்ப் பையன்கள் இருப்பார்களா என்று வரிசையாகக் கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். போவது எப்படி என்று கேட்டேன்.

"மொதல் நாள் அப்பா பஸ்ல கூட்டிட்டுப் போவாருண்ணே" என்றான். எதிரே ஒரு லாரியில் கேரட் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.