வந்து மறைந்த இருள்

அண்ணை எனக்கு ஒன்பது வயது மூத்தவர், கொட்டாஞ்சேனையில் வசிக்கிறார். ஞாயிறு காலையில் கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்து மத்தியான போசனம் செய்வது அவர் வழக்கம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்படி வந்திருந்தபோது, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென நிமிர்ந்தார்.

“தம்பி, இடது கண்ணிலை ஒரு திரை இறங்கின மாதிரி இருட்டாக் கிடக்கு.”

ஐந்து நிமிடம் சென்றிருக்கும். “இப்ப தெளிஞ்சிட்டுது” என்று மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

“கண்ணாடியை மாத்த வேணும் அண்ணை” என்றேன் நான். இருபது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லிவரும் நான், அறியாத ஒன்றை அறிந்தவன் போலச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இன்றும் மறக்க இயலவில்லை.

புதிய கண்ணாடி வாங்கினோம். பதினெட்டாம் நாள் காலை, அண்ணையின் வலக்கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. பேச முயன்றார், சொல் வரவில்லை. அண்ணியார் எண்ணெயை எடுத்துக் கழுத்தில் தேய்க்க ஓடிவந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அவரைத் தடுத்துவிட்டு, 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்சை வரவழைத்தாள்.

வைத்தியசாலையில் டாக்டர் என்னைக் கேட்ட கேள்விகளுள் ஒன்று இது: “இதற்கு முன் எப்போதாவது ஒரு கண் சிறிது நேரம் இருண்டதுண்டா?” நான் தலைகுனிந்து நின்றேன்.

அவர் பின்னர் விளக்கியதை இங்கே சொல்கிறேன். கழுத்தின் இரு பக்கங்களிலும் தலைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாடிகள் உள்ளன. அவற்றைச் சிரசு நாடி என்பர். குரல்வளையின் மேல் விளிம்பளவில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்திற்கும், மற்றையது மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. உடலின் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைப் பெறுகிறது. சிறிது நேரமேனும் அது தடைப்பட்டால் மூளை தாங்காது.

நாடி பிரியும் அக்கவட்டிலேதான் கொழுப்பு ஆண்டாண்டாகப் படிகிறது. உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவை அப்படிவை வளர்க்கின்றன. படிவு வெடித்துக் கரடுமுரடான இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டியின் துணுக்கு கண்ணின் நாடிக்குள் சென்றால் அதே பக்கத்துக் கண் இருளும். மூளைக்குச் சென்றால் எதிர்ப்பக்கத்துக் கைகால் சோரும்; இடப்பக்க மூளையாயின் பெரும்பாலார்க்குப் பேச்சும் தடுமாறும். அண்ணையின் இடது கண்ணையும் வலது கையையும் தாக்கியது ஒரே நாடியின் நோய். துணுக்குச் சிறிதாயின் தானே கரைந்துவிடும், குறியும் மறைந்துவிடும். மறைவது குறியே அன்றி நோயன்று. அதற்கடுத்த சில நாட்களே பெரிய தாக்குதலுக்கு அஞ்சவேண்டிய நாட்கள்.

இவ்வறிவு வைத்திய உலகுக்கே மிகப் பழையதன்று. வந்து மறையும் இக்குறிகளையும் சிரசு நாடியின் அடைப்பையும் இணைத்து, கனடா நாட்டு வைத்தியர் மில்லர் ஃபிஷர் 1951இல் எழுதினார். மறு ஆண்டு மார்ச் மாதம், நமது முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா காலிமுகத்திடலில் குதிரைச் சவாரி செய்கையில் பாரிசவாதத்தால் விழுந்து, அடுத்த நாள் காலமானார். பாரிசவாதத்தின் முன்னே அன்று வைத்தியரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 1954இல் லண்டன் சென்ட் மேரிஸ் வைத்தியசாலையில் ஈஸ்ட்கொட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் தோழரும், வந்து மறையும் தாக்குதல்களால் வருந்திய ஒரு மாதின் சிரசு நாடியில் நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி, நாடியை மீள இணைத்து வெற்றி கண்டனர்.

1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று இதன் பயனை அளந்து காட்டிற்று. குறிகள் தோன்றி, நாடி நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஒடுங்கியிருந்தவர்களுள், மருந்து மாத்திரம் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேரை இரண்டாண்டுகளுக்குள் அதே பக்கத்துப் பாரிசவாதம் தாக்கிற்று. சத்திரசிகிச்சையும் பெற்றோரில் 9 பேரையே தாக்கிற்று. எனினும் எல்லார்க்கும் கத்தி வேண்டியதில்லை, அச்சிகிச்சைக்கும் ஆபத்துண்டு. ஒடுக்கம் குறைவாயின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தும், கொழுப்பைக் குறைக்கும் மருந்தும், அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்குவதும், புகையை அறவே விடுவதுமே சிகிச்சை. கழுத்தை அழுத்தித் தேய்ப்பது மாத்திரம் ஆகாது. கட்டி பெயர்ந்துவிடக் கூடும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை, தகுந்தவர்க்கு, குறி தோன்றி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். மகளின் விரைவினால் அண்ணைக்கு அது கிடைத்தது. பத்து நாட்களின் பின் சத்திரசிகிச்சையும் நடந்தது. பேச்சு மீண்டது, நடக்கிறார். வலக்கை விரல்கள் மூன்று மாத்திரம் இன்னும் முழுதாக இசையவில்லை.

சிறு வயதில் என் கைபிடித்து அரிச்சுவடி எழுதப் பழக்கியவர் அவர்தாம். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மேசையில், இரட்டைக்கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதுகிறார். எழுத்து வாரத்துக்கு வாரம் திருந்திவருகிறது. “சரியோ வாத்தியார்?” என்று சிரிப்பார். என்னால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை.

மாணவர்களே, பெற்றோரே, உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கண் ஐந்து நிமிடம் இருண்டாலும், கை சற்றே சோர்ந்தாலும், சொல் சிறிது தடுமாறினாலும், அது நீங்கிவிட்டதென்று மகிழ்ந்திருக்க வேண்டாம். அப்பொழுதே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடியைப் பிறகு மாற்றலாம்.