மேளக்காரரின் கால்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் திருவிழாக் குழுவில் பொருளாளர் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தேர்ப்பவனிக்கு நையாண்டி மேளம் அமர்த்தச் சென்ற நாம், அவர்கள் கேட்ட தொகையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்துப் பேசி முடித்தோம். அதனைப் பெரிய சாமர்த்தியமாக எண்ணி மகிழவும் செய்தோம். வாணவேடிக்கைக்காரர் கேட்டதையோ கேட்டபடியே கொடுத்தோம். இதனை இன்று மறைப்பதற்கில்லை.

பவனி புறப்பட்டபோது இரவு பத்து மணி. தவில் வாசித்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். தேருக்கு முன்னே வெறுங்காலுடன் நடந்து வந்தார். வலக்கால் விரலில் கந்தைத் துணி சுற்றியிருந்தது.

"காலில் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"முள் குத்தியது ஐயா. சர்க்கரை இருக்கிறதல்லவா, ஆறமாட்டேன் என்கிறது."

"மருத்துவமனைக்குப் போகக்கூடாதா?"

"கொடைக் காலம் முடியட்டும் ஐயா. இப்போது படுத்துவிட்டால் என் இடத்தில் வேறொருவர் நிற்பார்" என்று கூறியபடியே தவிலின் வாரைத் தோளில் சரிசெய்து கொண்டார். நாமும் தலையசைத்துவிட்டு நம் வேலையைக் கவனிக்கப் போய்விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அவரை மருத்துவமனையில் கண்டோம். புண் அழுகி, பாதத்தின் முற்பகுதியை அகற்றியிருந்தனர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தமையால் அறுவைச் சிகிச்சைக்குக் கைப்பணம் செலவாகவில்லை. 2012இல் தொடங்கிய அத்திட்டம் இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. அது பெரும் நன்மையே. ஆனால் பாதத்தை இழந்த பிறகே அந்நன்மை அவரை எட்டியது.

மருந்துக்கா பஞ்சம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. ஆயினும் கொடைக் காலத்தில் மேளக்காரர் வீட்டில் இருப்பதில்லை. இரவில் ஓர் ஊரில் வாசித்து, பகலில் மற்றோர் ஊரில் உறங்குகிறார். மருந்து இலவசமாய் இருந்தது. அதனை வாங்கச் செல்லும் நாள்தான் இலவசமாய் இல்லை.

அவருடைய தம்பி நூற்பாலைத் தொழிலாளி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அவர் பெயர் உண்டு. நோயுற்றால் ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது வீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். முதலாளியும் அதற்குப் பங்கு செலுத்துகிறார். அண்ணனுக்கோ ஒவ்வோர் இரவும் ஒரு புதிய முதலாளி. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் பதிவு செய்தோர்க்குப் பல உதவித்தொகைகளை வழங்குகிறது. ஆனால் நோயால் இழந்த இரவுகளின் கூலியை அவருக்கு ஈடுசெய்வார் எவரும் இலர்.

இதே சிக்கலுக்கு மேற்கு ஜெர்மனி 1981இல் ஒரு சட்டம் இயற்றி, 1983 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே தனித்து உழைக்கும் கலைஞர் தம் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் வேண்டிய சந்தாவில் பாதியைச் செலுத்தினால் போதும். மறுபாதியைக் கலையைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் அரசும் ஏற்கின்றன. கலையை அனுபவிப்பவனும் கலைஞனின் உடல்நலத்துக்குப் பொறுப்பாளி என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. இதனை அறிந்தபோது நம் மனம் உறுத்தியது. அந்த ஓர் இரவுக்கு அத்தவில்காரரின் முதலாளிகள் நாமல்லவா?

அடுத்த ஆண்டுக் குழுக் கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் கூறினோம். பங்குத்தந்தையும் இசைந்தார். வாணவேடிக்கையைக் குறைத்தோம். மேளத்துக்குப் பேசிய தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கை அக்குழுவினர் பெயரில் அஞ்சலகத்தில் சேமிக்கத் தொடங்கினோம். நோயால் வர இயலாதவருக்கு அவ்விரவின் பங்கு அதிலிருந்து கொடுக்கப்படுகிறது. மிகச் சிறிய ஏற்பாடுதான். ஆனால் சென்ற ஆண்டு காய்ச்சலில் கிடந்த நாதசுரக்காரர் எழுந்து வாசிக்க வரவில்லை. வீட்டிலேயே ஓய்வு கொண்டார்.

தவில்காரர் இப்போது திண்ணையில் அமர்ந்து இளைஞருக்குப் பாடம் சொல்கிறார். தேருக்கு முன் நடப்பதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத் திருமணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மேளம் பேசும்போது கூலியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். காப்பீட்டு அட்டை உண்டா, வாரியத்தில் பதிந்துள்ளாரா என்று கேளுங்கள். இல்லையேல் விண்ணப்பம் எழுதவேனும் உதவுங்கள். காலில் துணி சுற்றியிருந்தால், கூலியைக் கையில் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே.