இடப்பக்க சீட்டு

ஜூன் 4
சர்க்கரையால் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையில் ரத்தம் கசிகிறதாம். வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார்: மாதாமாதம் ஊசி, இனி இவர் வண்டியைத் தொடக்கூடாது. புத்தலப்பட்டிலிருந்து சித்தூர், அங்கே பஸ் மாறி வேலூர். ஊசி போட்ட கண்ணோடு அது ஆகாது. வாசலில் கார் சும்மா நிற்கிறது. “நீ கத்துக்கோ” என்றார், உப்பை இந்தப் பக்கம் நகர்த்து என்கிற குரலில்.

ஜூன் 7
எல்.எல்.ஆருக்குப் படிவம் 1. அதில் ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். எழுந்து திண்ணைக்குப் போனார். எதிர்வீட்டு வண்டியைப் பார்த்து “ஏபி 03...” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. இந்த ஜில்லாவில் பழைய வண்டி எல்லாமே ஏபி 03தான்.

நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றும் வேண்டும், படிவம் 1ஏ. எனக்குக் கண் நன்றாக இருக்கிறதாம்.

ஜூன் 16
எல்.எல்.ஆர். வந்தது. ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் ஆகாமல் டெஸ்ட் கிடையாது.

ஜூன் 21
ரோடெல்லாம் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள், மாங்கூழ் ஃபேக்டரிக்கு. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் பயப்படுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. “மெல்லகா அம்மா, மெல்லகா.” ஓட்டுவது நானா அவரா?

ஜூலை 2
அட்டை வெட்டி, வெள்ளையில் சிவப்பு ‘எல்’ எழுதி, முன்னும் பின்னும் ஒட்டி வைத்திருக்கிறார். 18 சென்டிமீட்டர் சதுரம், ஸ்கேல் வைத்து அளந்தாராம். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

“காணிப்பாக்கம் வரைக்கும் நம்ம வண்டியிலயே போலாம். லைசன்ஸ் இருக்கறவர் பக்கத்துல இருந்தா போதும். எங்கிட்ட இருக்கில்ல?”

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் அது பாதிதான். பக்கத்தில் இருப்பவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ தோதாக உட்கார வேண்டும் என்று மீதியும் இருக்கிறது. நம் காரில் அவர் கைக்கு எட்டுவது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான்.

“ஏங்க, எதிர்ல லாரி வந்தா முதல்ல யாருக்குத் தெரியும்?”

“உனக்கு.”

“அப்புறம் நீங்க எதுக்கு அங்க?”

ஜூலை 3
பேசவில்லை.

ஜூலை 9
சித்தூரிலிருந்து கொழுந்தனார் மகன் வந்தான். லைசன்ஸ் உண்டு, கண்ணும் உண்டு. இவர் தானாகவே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். காணிப்பாக்கம் ரோட்டில் பையன் செல்லை நோண்டிக்கொண்டு வந்தான். பின்னாலிருந்து இவர் குரல்: “இன்ஜின் முனகுது, கியரைக் குறை.” குறைத்தேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி: “பின்னால கனமான வண்டி வருது, இடப்பக்கம் ஒதுங்கு.” கண்ணாடியில் அப்போதுதான் கிரானைட் லாரி தெரிந்தது.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். வரும்போது செல்லைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ‘எல்’ போர்டு வண்டியில் அந்த சீட்டில் உட்கார்ந்தவன் ரோட்டைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஜூலை 14
டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியாயிற்று. அடுத்த ஊசி அதற்கு முன்பே வருகிறது. வேலூருக்கு வாடகைக் கார்தான்.