ஹார்விபட்டி: ஒரு பெயரின் வழித்தடம்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில், திருப்பரங்குன்றத்தை அடுத்து வருவது ஹார்விபட்டி. மதுரா மில் தொழிலாளர்களுக்கென உருவான குடியிருப்பு இது. தனிப் பேரூராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வண்டியூர் போன்ற பழைய ஊர்களின் பெயர்க்காரணம் தேடுவோர் நாயக்கர் காலத்துக்கும் அதற்கு முன்னும் போக வேண்டியிருக்கும். ஹார்விபட்டிக்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டிய மில் வரலாறு போதும்.

தேடல் முதலில் போய் நிற்கும் இடம் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டிய பஞ்சாலை. நிறுவனத்தின் பெயர் மதுரா மில்ஸ். ஊர்வாயில் அது ‘ஹார்வி மில்’. 1974இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. அருகிலுள்ள மேம்பாலத்தை மக்கள் இன்றும் ‘மதுரா கோட்ஸ் பாலம்’ என்றே சொல்கிறார்கள்.

மில்லுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். தூத்துக்குடியில் பஞ்சு வணிகம் நடத்திய இவர்கள், 1880களில் பாபநாசத்தில் ஆலை கட்டினர். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் வேகமே அங்கே நூற்புக் கதிர்களைச் சுழற்றியது. நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டிய காலத்தில் அது பெரிய லாபம். அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில்லும் மதுரையில் மதுரா மில்லும் எழுந்தன. கரிசல் காட்டுப் பருத்தி, துறைமுகம், ரயில் பாதை ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே இந்தத் தொழிலின் அடித்தளம்.

ஆனால் ஹார்வி பெயரைத் தேடுகிறவர் கோரல் மில்லின் வாசலைத் தாண்டிப் போக முடியாது. அங்கே விடியுமுன் நுழைந்தவர்கள் இருட்டிய பிறகே வெளியே வந்தனர். குழந்தைகளும் வேலை செய்தனர். வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27இல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றனர். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து, கூலியை உயர்த்தவும் ஞாயிறு விடுமுறை தரவும் ஒப்புக்கொண்டது. சில நாள்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இவ்வளவு தொடக்கத்திலேயே கிடைத்த இந்த வெற்றிக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. ஹார்விபட்டியில் நினைவுப் பலகை வைப்பதானால் ஆலை தொடங்கிய ஆண்டோடு 1908உம் அதில் பொறிக்கப்பட வேண்டும்.

ஆலை அதிபர் பெயரை ஊர் ஏற்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் ராமகிருஷ்ண டால்மியாவின் சிமென்ட் ஆலை வந்தபின் ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயரிட்டனர். 1953 ஜூலை 15இல் மு.கருணாநிதி தலைமையில் வந்த தி.மு.க.வினர், நிலையப் பலகையில் ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தனர். துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் பழைய பெயர் பலகைக்குத் திரும்பியது. அங்கே வாழ்ந்துவந்த ஊரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. ஹார்விபட்டியிலோ பெயரும் குடியிருப்பும் சேர்ந்தே பிறந்தன; அதனால் அங்கே யாரும் பலகையில் தாள் ஒட்ட வேண்டியிருக்கவில்லை.