ஃபிளாஷும் கூஜாவும்

ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் கேமரா. மாடியில் செம்பருத்தியைச் சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஃபிளாஷ் போட்டுத்தான் எடுப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் இரண்டு மடங்கு தூரம் போனால் கால் பங்காகிவிடும். அதனால் ஷட்டரை 1/200 நொடியில் வைத்து, அப்பர்ச்சரைச் சுருக்கினால் பூ மட்டும் பளிச்சென்று நிற்கும். பின்னாலிருக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருட்டில் போய்விடும்!

போன மாதம் அம்மாவின் பித்தளைக் கூஜாவைத் தங்கை கேட்டாள். கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைக்கலாமே என்று தோன்றியது. நேராக ஃபிளாஷ் அடித்தேன். கூஜாவின் வயிற்றில் வெள்ளையாக ஒரு திட்டு. அம்மா பெயர் வெட்டியிருந்த இடமே தெரியவில்லை. பித்தளை கண்ணாடி மாதிரிதானே. அப்புறம் ஃபிளாஷின் தலையை நிமிர்த்தி, வெள்ளையடித்த சீலிங்கைப் பார்க்க வைத்தேன். வெளிச்சம் மேலே பட்டுப் பரவி இறங்கியது. பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. கூடவே, அடிப்பக்கத்தில் ஒரு நசுங்கல்.

அது ஆறாவது படிக்கும்போது கிணற்றடியில் நான் கீழே போட்டது. அப்பா கேட்டபோது, தன் கை தவறி விழுந்ததாக அம்மா சொல்லிவிட்டாள். திட்டும் வாங்கிக்கொண்டாள்.

தங்கைக்கு இது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.